கானாடுகாத்தான் பக்கம் கம்பெனி தலைமை அலுவலகம்: இலை வடிவக் கட்டடம் நம்ம வெயிலுக்குச் சரிப்படுமா?

பூவரசு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மசாலாப்பொடியும் பலகாரமும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் நிர்வாகம் பார்க்கிறேன். மொத்தம் 160 பேர். கொள்முதல் ஆட்கள் காரைக்குடியில் ஒரு பழைய மாடியில், கணக்குப் பிரிவு பள்ளத்தூரில், இணைய விற்பனையும் பாக்கெட் வடிவமைப்பும் புதுவயல் ரோட்டில் ஒரு வாடகைக் கட்டடத்தில். குண்டூரில் மிளகாய் விலை ஏறியது கொள்முதல்காரருக்குக் காலையிலேயே தெரிந்துவிடும். விற்பனைப் பிள்ளைகள் அன்று சாயங்காலம் வரை பழைய விலைக்கே ஆர்டர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் நல்ல ஆட்கள்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது முதலாளி கானாடுகாத்தான் பக்கம் 4 ஏக்கர் வாங்கியிருக்கிறார். செம்மண் பொட்டல். ஓரத்தில் ஒரு பெரிய இலுப்பையும் சில பூவரசும் நிற்கின்றன. ஐப்பசி மழையில் குறுக்கே தண்ணீர் ஓடின தடமும் தெரிகிறது. சென்னை ஆர்க்கிடெக்ட் கொடுத்த படத்தில் கட்டடம் மேலிருந்து பார்த்தால் இலை மாதிரி இருக்கிறது. நடு நரம்பு 130 மீட்டர் நீளத் தாழ்வாரம், பக்க நரம்புகள் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு இறக்கை. வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி. வாசலில் மூன்று மாடி உயரத்துக்குச் செடிச்சுவர். நடுவில் சுவரே இல்லாத ஒரு பெரிய ஹால். எல்லாரும் அங்கே உட்கார்ந்தால் தானாக ஒன்று சேர்ந்துவிடுவார்கள் என்கிறார். முன்மாதிரி என்று சியாட்டிலில் அமேசானின் கண்ணாடி உருண்டைகள், ஆப்பிளின் வட்டக் கட்டடம், ஜிம்பாப்வே நாட்டு ஹராரேயில் கரையான் புற்றைப் பார்த்துக் கட்டின கட்டடம் மூன்றையும் காட்டினார். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

என் மனசு எங்க ஆயாவின் செட்டிநாட்டு வீட்டு வளவு மாதிரி, நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமும் அறைகளுமாக, ஒன்றைத்தான் கேட்கிறது. ஆனால் "அது கல்யாணத்துக்குச் சரி, ஆபீசுக்கு ஆகாது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். என்ன சொல்லி எடுத்துப் பேசுவது? பிளான் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் நான் எழுத்தில் கருத்துக் கொடுக்க வேண்டும்.

---

கொத்துக்கரண்டி:

தங்கச்சி, காரைக்குடியில் சிவில் இன்ஜினியர் வேலை பார்க்கிறேன். பாதி வேலை பழைய வீடு பழுது பார்ப்பது, பாதி புதுக் கட்டடம். நீங்க கேட்ட விஷயம் எனக்கு உயிர் மாதிரி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று முன்மாதிரி. ஹராரே ஈஸ்ட்கேட் கட்டடம் 1996இல் மிக் பியர்ஸ் கட்டியது, உண்மையிலேயே பெரிய சாதனை. ராத்திரிக் குளிர்காற்றைத் தளங்களுக்கு அடியில் இழுத்து கான்கிரீட்டைக் குளிர வைத்து, அந்தக் குளிர்ச்சியைப் பகலில் செலவழிப்பார்கள். ஹராரே கடல்மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராத்திரி குளிரும். நம்ம ஊரில் சித்திரை மாசம் ராத்திரி இரண்டு மணிக்கும் விசிறி இல்லாமல் படுக்க முடியாது. இங்கே எந்தக் குளிரை எடுத்துச் சேர்த்து வைப்பது? கரையான் புற்றைப் பின்னால் ஆராய்ந்தவர்களும், அது சூட்டைச் சமன்படுத்துவதைவிட உள்ளே மூச்சுக்காற்று மாற்றுவதற்கே அதிகம் உதவுகிறது என்று சொல்லிவிட்டார்கள். அமேசான் உருண்டைகள் 2018இல் திறந்தது. உள்ளே 40,000 செடி. சியாட்டில் குளிருக்குக் கண்ணாடிக்குள் வெப்பம் தங்குவது வரம். அதே கண்ணாடியைப் பொட்டலில் வைத்தால் உள்ளே இருக்கிறவர்களையும் செடிகளையும் காப்பாற்ற நாள் முழுக்க ஏ.சி. ஓட வேண்டும். ஆப்பிள் வட்டத்துக்கு விட்டமே 460 மீட்டர். அவர்களுக்கு ஆள் பலம் ஆயிரக்கணக்கில். நீங்க 160 பேர்.

இலை வடிவம் வானத்தில் பறக்கிறவனுக்குத்தான் தெரியும். கீழே நடக்கிறவனுக்கு அது ஒரு நீளத் தாழ்வாரம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களை வைத்துக் கணக்கெடுத்தார். இரண்டு பேர் உட்காரும் தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது சரசரவென்று குறைந்தது, 50 மீட்டர் தாண்டினால் அநேகமாக இல்லை என்றே ஆகிவிட்டது. உங்க படத்தில் தண்டு 130 மீட்டர். கொள்முதல் ஒரு முனை, விற்பனை மறு முனை என்று போட்டால் பள்ளத்தூரும் புதுவயலும் ஒரே கூரைக்குக் கீழே வந்த கதைதான். படத்தில் எந்தப் பிரிவு எங்கே என்று குறிக்கச் சொல்லி, ஸ்கேலை வைத்து அளந்து பாருங்க.

இப்போது உங்க ஆயா வீடு. அந்த வீட்டை யாரும் அழகுக்காக மட்டும் கட்டவில்லை. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். நீளம் கிழக்கு மேற்காக ஓடும். நம்ம ஊர் 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே தாழ்ந்து வருகிற காலை வெயிலும் சாயங்கால வெயிலும்தான் சுவரைக் காய்ச்சும். அந்த இரண்டு பக்கமும் குறுகலாக வைத்துவிட்டு, நீளச் சுவர்களை வடக்கு தெற்காகக் காட்டினார்கள். அந்தச் சுவருக்குக் கொஞ்சம் கூரை இறக்கமே போதும், வெயில் ஏறாது. தலைவாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை நேராகத் தெரியும், காற்றுக்கும் அதுதான் வழி. வளவு வாசலில், அதாவது திறந்த நடுமுற்றத்தில், சூடான காற்று மேலே போகும், அதைச் சுற்றின தாழ்வாரமான பத்தியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வெளிச்சம் வரும், கூசாது. இத்தனையும் மின்சாரம் வராத காலத்தில்.

ஆட்களைச் சேர்ப்பதிலும் அந்த வீட்டில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை ஆர்க்கிடெக்டிடம் கட்டாயம் சொல்லுங்க. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனையும் கொஞ்ச காலத்தில் வேறு வைப்பார்கள். தனி வேவு (சமையல் சாமான்), தனிக் கணக்கு. வளவைச் சுற்றி அந்தப் புள்ளிக்கு, அதாவது அந்தப் புருசன் பெண்டாட்டிக்கு, ஒரு உள்வீடு, பூட்டிச் சாவி போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த அறையை விட்டு வெளியே கால் வைத்தால் எல்லாருக்கும் பொதுவான பத்தி, பொதுவான வாசல். அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் இருந்தாலும் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை எதிரெதிரே வந்துதான் ஆக வேண்டும். உங்க கம்பெனிக்கு வேண்டியது இதேதான். ஒவ்வொரு பிரிவுக்கும் கதவு சாத்துகிற அறை, அந்தக் கதவு திறந்தால் எல்லாருக்கும் பொதுவான பத்தி. தண்ணீர், காபி, பிரிண்டர், கைகழுவுகிற இடம் எதுவும் அறைக்குள் வேண்டாம், எல்லாம் பத்தியில்.

செடிச்சுவர் பற்றி ஒன்றுதான். தினம் தண்ணீர், பம்ப், உரம், வாடினதை மாற்ற ஒரு ஆள். அந்தக் காசில் மேற்கு ஓரம் முழுக்கப் புங்கை வையுங்க. பங்குனி, சித்திரையில் புதுத்தளிர் விட்டு, வெயில் உச்சத்தில் இருக்கும்போது அடர்ந்த நிழல் கொடுக்கும். நிற்கிற இலுப்பையைத் தொடவே கூடாது. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தை லாரி பேக்கர் 1970களில் கட்டியபோது மரத்துக்கும் மேட்டுக்கும் வளைந்து கொடுத்துத்தான் சுவர் எழுப்பினார். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்க, ஒரு நாள் வேலை.

---

தேவகோட்டை ரஸ்தா:

அக்கா, நான் சென்னையில் அந்த மாதிரி சுவரில்லாத ஹாலில்தான் வேலை செய்கிறேன். எல்லார் காதிலும் ஹெட்போன். பக்கத்துச் சீட்டுக்காரருக்குச் சாட்டில்தான் செய்தி அனுப்புகிறோம், வாய் திறந்தால் 40 பேருக்குக் கேட்கும் என்பதால். ஹார்வர்டைச் சேர்ந்த பெர்ன்ஸ்டைன், டர்பன் இரண்டு பேரும் இப்படித் திறந்த ஹாலுக்கு மாறின கம்பெனிகளை, ஆட்களின் கழுத்தில் கருவி மாட்டி அளந்து 2018இல் எழுதினார்கள். முகம் பார்த்துப் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருக்கிறது, மின்னஞ்சல் கூடியிருக்கிறது. அந்தக் கட்டுரையை அச்செடுத்து முதலாளி மேஜையில் வையுங்க.

கொத்துக்கரண்டி அண்ணே சொன்ன கதவு சாத்துகிற அறை மட்டும் எனக்குக் கிடைத்தால், வெளியே வந்து நாலு பேரோடு நானாகவே பேசுவேன்.

---

பெட்டியடி ஐயா:

நடுவில் வந்து பேசுவதற்கு மன்னிக்கணும். எங்க அப்பச்சி சின்ன வயசில் சிங்கப்பூரில் பெட்டியடிப் பையனாக, அதாவது பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகுகிற பையனாக, இருந்தவர். அங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வட்டிக்கடையும் தங்குமிடமுமான நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன, இப்போது இல்லை. ஒரே நீளக் கூடத்தில் பல மார்க்காக்காரர்கள், அதாவது தனித்தனிக் கடைக்காரர்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாய் அகலம் இடம், முன்னால் சாய்வு மேசை, பக்கத்தில் பெட்டி, பின்னால் பீரோ. தொழிலில் ஒருத்தருக்கொருத்தர் போட்டிதான். ஆனால் சமையல்காரர் பொது, பந்தி பொது. மூணு வருசக் கணக்கு முடியும் வரை ஊருக்கு வர முடியாத பையன்களுக்கு அந்தக் கூடம்தான் வீடு.

அப்பச்சி சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் யாரும் யாருக்கும் செய்தி சொல்லிவிட மாட்டார்கள். பேரேட்டை மூடி வைத்துக்கொள்வார்கள். செய்தி பரவினது பந்தியிலும், சாயங்காலம் கோவிலுக்குச் சேர்ந்து நடந்து போகும்போதும்தான். ரங்கூனில் மாசம் ஒருமுறை கோவிலில் கூடி நடப்பு வட்டி என்னவென்று பேசி முடிவு செய்வார்கள். பெரிய மார்க்கா, சின்ன மார்க்கா எல்லாரும் வந்தாக வேண்டும், ஏனென்றால் வட்டி தெரியாமல் மறுநாள் பெட்டியைத் திறக்க முடியாது.

அம்மா, உங்க மிளகாய் விலைக்கு அப்படி ஒரு இடமும் நேரமும் வேண்டும். இரண்டாங்கட்டில் ஒரு கரும்பலகை மாட்டுங்க. கொள்முதல்காரர் காலையில் முதல் வேலையாக மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் விலையைத் தன் கையால் அதில் எழுதட்டும். விற்பனைப் பிள்ளைகள் காபி எடுக்க அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகணும் என்று கதவை வையுங்க. கம்ப்யூட்டரிலும் போடலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எழுதுகிறவர் அங்கே நின்றால்தான், ஏன் ஏறியது, இன்னும் ஏறுமா என்று நாலு பேர் கேட்பார்கள்.

---

மூன்றாங்கட்டு:

எல்லாரும் வளவைப் புகழ்ந்திருக்கிறீர்கள். நானும் அந்த வீடுகளை நேசிக்கிறவள்தான். ஆனால் எங்க அப்பத்தா அப்படி ஒரு வீட்டில் மாவிடிக்கப் போனவங்க. கொல்லைக் கதவு வழியாகத்தான் போவாங்க, வருவாங்க. முகப்பு எப்படி இருக்கும் என்று அவங்களுக்குத் தெரியாது. திண்ணை வரை யார், பட்டாலை வரை யார், பின்கட்டோடு யார் என்று அந்த வீட்டின் நேர்கோடு ஆட்களைப் பிரித்துத்தான் வைத்தது. பெண்களுக்கும் முன்கட்டு கிடையாது.

பூவரசு அக்கா, நீங்க சொன்ன 160 பேரில் பாக்கெட் போடுகிற பெண்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள் சேர்த்தியா? வளவுத் திட்டத்தை அப்படியே எடுத்தால் முதலாளி முன்கட்டில், கணக்கு நடுக்கட்டில், வேலை செய்கிற பெண்கள் பின்கட்டில் என்று தானாகவே வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை, பழக்கமே கொண்டுபோய் அங்கே நிறுத்திவிடும். எல்லாருக்கும் ஒரே தலைவாசல் வையுங்க. சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான், தட்டும் ஒன்றுதான் என்று எழுத்திலேயே போடுங்க. காற்றும் நிழலும் நல்ல இடம் எதுவோ அங்கே நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களை வையுங்க. முதலாளி அறைக்கு ஏ.சி. போட்டுக்கொள்ளலாம்.

---

பூவரசு:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாங்கட்டு, பாக்கெட் பிரிவுப் பெண்களை நான் 160இல் சேர்த்துத்தான் சொன்னேன். அவர்கள் 45 பேர். ஆனால் ஆர்க்கிடெக்ட் படத்தில் அவர்களுக்குத் தனி வாசல் இருக்கிறது. நீங்க எழுதினதைப் படித்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. அதை முதல் குறிப்பாக எழுதிவிட்டேன்.

நேற்று முதலாளியிடம் பேசினேன். ஆலன் தூரக் கணக்கையும் 70 சதவீதத்தையும் கவனமாகக் கேட்டார். "சரி, வளவு வையுங்கள் என்றால் கொசு வரும், மழை லேப்டாப் மேல் அடிக்கும், ஏ.சி. போட முடியாது, தேக்குக்கு எங்கே போவது? இதற்குப் பதில் கொண்டுவாம்மா" என்றார். மறுக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். அண்ணே, பதில் சொல்லுங்க.

---

கொத்துக்கரண்டி:

முதலில் மூன்றாங்கட்டுக்கு. நீங்க எழுதினது நூற்றுக்கு நூறு சரி, அம்மா. நான் கட்டடத்தைப் பார்த்துப் பேசினேன், நீங்க அதில் வாழ்ந்தவங்களைப் பார்த்துப் பேசினீங்க. பாக்கெட் பிரிவை முதல் வளவின் வடபுறப் பத்தியை ஒட்டின அறையில் வைத்தால் நேர்வெயில் அதிகம் விழாது. அவர்களைத் தாண்டித்தான் வருகிற விருந்தாளியும் உள்ளே போக வேண்டும். மசாலாத் தூசி வெளியே பரவாமல் அந்த அறைக்குத் தனி உறிஞ்சு விசிறி மட்டும் வேண்டும்.

தங்கச்சி, ஏ.சி. விஷயம். வளவையும் பத்தியையும் சாப்பாட்டுக் கூடத்தையும் விசிறியோடு விட்டுவிடுங்க. கதவு சாத்துகிற அறைகளுக்கு மட்டும் ஏ.சி. அறை சின்னது, சுவர் கனம், மேற்கு வெயில் இல்லை என்றால் சின்ன யூனிட்டே போதும். வசதி இருந்தால் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்நீர் ஓட விடலாம். ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் ஒரே கட்டடத்தை இரண்டு பாதியாக்கி, ஒன்றில் வழக்கமான ஏ.சி., இன்னொன்றில் இந்தக் குளிர்நீர்த் தளம் என்று போட்டு அளந்து பார்த்தார்கள், குளிர்நீர்ப் பாதியில் மின்சாரம் நன்றாகக் குறைந்தது. ஆனால் நம்ம ஐப்பசிப் புழுக்கத்தில் தளம் வியர்க்காமல் இருக்க, உள்ளே விடுகிற காற்றை உலர வைத்தே விட வேண்டும். அது தெரிந்த ஆள் வேண்டும்.

மழைச் சாரலுக்குப் பத்தியைக் குறைந்தது 3 மீட்டர் அகலம் வையுங்க, ஓட்டுக் கூரையைத் தாழ இறக்குங்க. வேலை மேஜை எதுவும் பத்தியில் வேண்டாம், அது நடக்கவும் நிற்கவும் பேசவும்தான். கொசு தேங்கின தண்ணீரில்தான் வரும். வாசல் தரையை வாட்டம் பார்த்துப் போட்டு, மழை நின்றதும் தண்ணீர் வடிகிற மாதிரி செய்தால் பாதித் தொல்லை போய்விடும். அறை ஜன்னல்களுக்கு வலை அடித்துவிடுங்க.

அந்தத் தண்ணீர் எங்கே போகணும் என்பதுதான் இந்த மனையில் பெரிய விஷயம். 2,000 சதுர மீட்டர் கூரை வைத்தால், சிவகங்கைப் பக்கம் வருசத்துக்குப் பெய்கிற ஏறத்தாழ 900 மி.மீ. மழைக்கு 18 லட்சம் லிட்டர் விழும். சிந்தினது, ஆவியானது போக 14 லட்சமாவது கைக்கு வரும். நம்ம பழைய ஊர்களில் வீட்டுக் கூரைத் தண்ணீர் வளவு வாசலில் இறங்கி, கிடாரத்தில் பிடித்தது போக மிச்சம் தெருவுக்கு வந்து ஊருணிக்குப் போய்ச் சேரும். நீங்களும் ஒரு தொட்டி, அது நிரம்பினால் ஒரு சின்ன ஊருணி என்று வையுங்க. இலுப்பைக்குக் கிழக்கே பள்ளமாக இருந்தால் அதுதான் இடம்.

தேக்கு வேண்டாம். இதைக் கொஞ்சம் கோபத்தோடேயே சொல்கிறேன். யாரோ ஒரு வீட்டை உடைத்து எடுத்த தூணையும் நிலையையும் காரைக்குடிக் கடையில் வாங்கி வரவேற்பறையில் நிறுத்தாதீங்க. நீங்க வாங்குகிற ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் ஒரு வளவு போயிருக்கும். தூணுக்குக் கருங்கல் போதும், சுவருக்குச் செம்புராங்கல் கிடைக்கிற இடம் விசாரிக்கலாம். மேல் தளத்துக்குக் கான்கிரீட் போடுவதில் ஒரு குற்றமும் இல்லை. தரைக்கு ஆத்தங்குடி கல். கண்ணாடி மேல் சாயம் ஊற்றிக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் அது. சூளை கிடையாது, விறகு கிடையாது, செய்கிற ஊர் உங்க மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆட்கள் நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும், அதனால் பத்தியிலும் கூடத்திலும் போடுங்க. சுண்ணாம்புப் பூச்சை எல்லாச் சுவருக்கும் இழுக்காதீங்க. கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு, அவசரப்படுத்தினால் வெடித்துவிடும். முதல் வளவுச் சுவருக்கு மட்டும் போதும். மழைக்காலம் கழிந்து தையில் தொடங்கச் சொல்லுங்க.

பெட்டியடி ஐயா சொன்ன கரும்பலகைக்கு இரண்டாங்கட்டின் தென்சுவர் சரியாக வரும். காபி மேடையை அதற்கு எதிரே வைக்கலாம்.

கடைசியாக ஒன்று, இதை உங்க கடிதத்தில் சிவப்பு மையில் எழுதுங்க. மனையின் குறுக்கே தண்ணீர் ஓடின தடம் என்று சொன்னீங்களே, அது ஏதோ ஒரு கண்மாய்க்குப் போகிற வரத்துக்காலாக இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் மனையின் அளவுப் படமான புலப்படம் வாங்கி, அது எந்தக் கண்மாய்க்குப் போகிறது, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தக் கோட்டைப் படத்தில் முதலில் வரையச் சொல்லுங்க. இலை தண்டின் நடுவில் அது வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை அடைத்தால் கீழே இருக்கிற வயல்காரர்களுக்குத் தண்ணீர் வராமல் போகும், ஒரு நல்ல மழையில் உங்க ஹாலுக்குள்ளும் வரும். புலப்படம் கையில் வந்ததும் இங்கே சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே மனைக்கு வந்து நடந்து பார்க்கிறேன், ஆர்க்கிடெக்டையும் வரச் சொல்லுங்க.